மராமத்துக்கு யார் பணம் தருவது?

2018 ஆகஸ்ட் 22 இரவு, திருச்சியை அடுத்த முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை உடைந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய அணை அது. 45 மதகுகளில் 9 மதகுகள் தூண்களோடு பெயர்ந்து வெள்ளத்தில் போயின. அதற்குச் சில நாட்களுக்கு முன், அதே வெள்ளத்தில், திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்திருந்தன. 1928இல் கட்டிய அந்தப் பாலத்தில் வாகனப் போக்குவரத்தை முன்பே நிறுத்தியிருந்ததால் உயிர்கள் தப்பின. இத்தாலியின் ஜெனோவா நகருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதே ஆகஸ்ட் 14ஆம் தேதி, 1967இல் திறந்த மொராண்டி பாலம் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்து 43 பேரைக் கொன்றது.

முக்கொம்பில் விவசாயிகள் அணைக்குக் கீழே மணல் அள்ளியதைக் குற்றம் சாட்டினார்கள். அதிகாரிகள் அணையின் வயதையும் வெள்ளத்தின் வேகத்தையும் சொன்னார்கள். புதிய கதவணை கட்ட 387 கோடியே 60 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இந்தத் தொகை எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. உடைந்த அணையைக் காக்க அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எவ்வளவு செலவிட்டோம் என்பது எந்தத் தலைப்புச் செய்தியிலும் இல்லை. சாலை, பாலம், ஏரி, குடிநீர்க் குழாய், மெட்ரோ என்று எதை எடுத்துக்கொண்டாலும் நம் பொதுக் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. கட்டும் செலவு கல்வெட்டில் ஏறுகிறது, காக்கும் செலவு வரவு செலவுத் திட்டத்தின் கடைசிப் பக்கங்களில் கரைந்துவிடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காமல் எந்தத் திட்டம் மலிவு, எது விலை அதிகம் என்று தீர்மானிக்க முடியாது என்பதே என் வாதம்.

கட்டும் செலவிலிருந்து தொடங்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளூவ்பியர் தன் சகாக்களோடு 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 20 நாடுகளில் நடந்த 258 போக்குவரத்துத் திட்டங்களின் மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் அதில் ஒப்பிட்டார்கள். பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. ரயில் திட்டங்களில் சராசரியாக 45 விழுக்காடு, பாலங்களிலும் சுரங்கங்களிலும் 34, சாலைகளில் 20. இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் கண்ட இன்னொன்று: எழுபது ஆண்டுகளில் இந்தப் பிழை குறையவே இல்லை. அறியாமையால் நேர்வதென்றால் அனுபவம் சேரச் சேரக் குறைந்திருக்க வேண்டும். குறையாததால், திட்டத்துக்கு ஒப்புதல் வாங்குவதற்காகவே மதிப்பீடுகள் தாழ்த்தி எழுதப்படுகின்றன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். தொடங்கிவிட்டால் பாதியில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பது எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் தெரியும்.

நம் நாட்டு எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன தொகை சுமார் 250 கோடி ரூபாய். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தபோது அது 550 கோடியைத் தாண்டியிருந்தது. பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தபோது ஒரு கிலோமீட்டருக்கு 15 கோடியே 37 லட்சம் என்று கணக்கு வந்தது. பின்னர் அனுமதித்த பணிகளில் அது 32 கோடியே 17 லட்சம் ஆனதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023இல் சுட்டிக்காட்டினார்.

இந்த உயர்வு முழுவதையும் ஊழல் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் சரியல்ல. பணி தொடங்கிய பிறகு வரைபடத்தை மாற்றுகிறார்கள். மின்கம்பத்தையும் குடிநீர்க் குழாயையும் இடம் மாற்ற மாதக்கணக்கில் ஆகிறது. வழக்கு வருகிறது, சிமெண்டும் இரும்பும் விலை ஏறுகின்றன, வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. நிலத்தின் விலை இன்னொரு பெரிய காரணம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், சந்தை மதிப்புக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் கிராமப்புறத்தில் பெருக்குத் தொகையும் தரச் சொல்கிறது. இதனால் செலவு கூடியது உண்மை. அந்த உயர்வை நான் வீண் என்று எண்ணவில்லை. முன்பெல்லாம் சாலை மலிவாகக் கிடைத்ததற்கு, நிலம் இழந்த விவசாயி அந்த வித்தியாசத்தைத் தன் தலையில் சுமந்ததும் ஒரு காரணம். இப்போது அது கணக்குக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தரத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. ஆனால் மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற வழக்கம், இருபது ஆண்டு தாங்கும் சாலையையும் நான்கே ஆண்டில் பெயரும் சாலையையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. கட்டும்போது மிச்சம் பிடித்த ரூபாய் பிறகு மராமத்துச் செலவாக வந்து நிற்கும்.

இனி மராமத்து. சாலை எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் கணக்கு விளங்கும். தார்ச் சாலை வெயிலில் காய்ந்து, பாரம் ஏறி இறங்கி, முதலில் மெல்லிய வெடிப்பு விடும். அப்போது வெடிப்பை அடைத்து மேலே மெல்லிய பூச்சு கொடுத்தால் போதும், செலவும் சிறிது. விட்டுவிட்டால் மழைநீர் வெடிப்பு வழியே ஜல்லி அடுக்குக்குள் இறங்கும். ஊறிய அடுக்கின் மீது லாரி போகும்போது தார் உடைந்து குழியாகிறது. அதற்குப் பிறகு மேலே எத்தனை முறை ஒட்டுப் போட்டாலும் நிற்காது. அடியிலிருந்து தோண்டிப் புதிதாகப் போட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் தேசியச் சாலை நிறுவனம் இதற்கு ஒரு கணிப்பு வைத்திருக்கிறது: மூன்று ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் பழுதுபார்க்கும் செலவு ஆறு மடங்கு, ஐந்து ஆண்டுகள் விட்டால் பதினெட்டு மடங்கு. உலக வங்கி 1994இல் ஆப்பிரிக்கச் சாலைகளைப் பற்றிச் சொன்னதும் இதே திசையில்தான். அதற்கு முந்தைய பத்தாண்டில் 1,200 கோடி டாலரை உரிய நேரத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவைத் தவிர்த்திருக்கலாம்.

கான்கிரீட்டும் இதற்கு விலக்கில்லை. உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாக விரிந்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பொறியாளர் டி சிட்டர் 1984இல் ஒரு விதியாகவே இதைச் சொன்னார்: கட்டும்போது ஒரு ரூபாய் மிச்சம் பிடித்தால், தாமதமான பராமரிப்பில் ஐந்து ரூபாயும், அதையும் விட்டால் பழுதுபார்ப்பில் இருபத்தைந்து ரூபாயும் கொடுக்க நேரும்.

இதற்கு எதிர்ச்சாட்சியாகப் பழைய பாம்பன் பாலத்தைச் சொல்வேன். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த அந்த இரும்புப் பாலம், உலகில் இரும்பு மிக வேகமாக அரிக்கும் கடற்பகுதிகளில் ஒன்றில் நின்றது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாலத்தின் பெரும்பாலான கண்கள் கடலில் விழுந்தன. நடுவில் இருந்த தூக்குப் பகுதி தப்பியது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் குழு 46 நாட்களில் அதைச் சரிசெய்தது. அந்த 46 நாட்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாலம் 2022 டிசம்பர் வரை, நூறாண்டுகளுக்கு மேல் ரயிலைச் சுமந்ததற்கு வேறு மனிதர்களும் காரணம். ஆண்டு முழுதும் கடல்காற்றில் தொங்கியபடி துருவைச் சுரண்டி வண்ணம் பூசியவர்கள், ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்தவர்கள், பழுதான உத்திரங்களைக் காலத்தில் மாற்றியவர்கள். ரயில்வேக்கு அந்தப் பாலத்துக்கென்று ஆளும் பொருளும் எப்போதும் இருந்தன. புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் உயர்தரப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நல்லது. இருந்தும் திறப்புக்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தன் ஆய்வில் அரிப்பைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஆள் வேண்டும்.

மராமத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இந்த நிலத்தில் ஒரு காலத்தில் தெளிவான விடை இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே நாம் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தச் சபை தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வாக முடியாது. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிகளுக்கு வைத்த அறக்கட்டளைகள் ஏராளம். பொன்னை முதலாக வைப்பார்கள். அதன் வட்டியில் ஓடம் விட்டு ஏரியின் வண்டலை ஆண்டுதோறும் அள்ளிக் கரையில் போடுவார்கள். நிலம் மானியமாக விடுவதும் உண்டு. ஏரியை வெட்டியவர் பெருமைக்கு வெட்டியிருக்கலாம், புண்ணியத்துக்கு வெட்டியிருக்கலாம். அது நிலைப்பதற்கு வேண்டிய வருமானத்தையும் அதனோடு சேர்த்தே எழுதி வைத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். பதினெட்டாம் நூற்றாண்டிலும் செங்கல்பட்டுப் பகுதி ஊர்களில், களத்தில் அளக்கும் நெல்லில் ஏரிக்கு ஒரு பங்கு தனியே போயிற்று.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. கரையில் மண் சுமந்தவர்களில் பலர் நிலமற்றவர்கள். சாதி அவர்களை அங்கே நிறுத்தியது, கூலி பேசும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. சென்னை மாகாணத்துக்காக 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், ஊராரே நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்துக் கடமையைச் சட்டமாக்கி அந்தச் சுமையை இன்னும் இறுக்கியது. ஏரிக்கான பங்கையும் மானியத்தையும் வருவாயில் சேர்த்துக்கொண்ட அரசு, வேலையை மட்டும் ஊரின் தலையில் விட்டது. ஏரிகள் தூர்ந்தன. 1883இல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கும் அளவுக்கு நிலைமை போயிற்று.

இன்று தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தருபவை நீர்வளத் துறையிடம், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடம். கண்மாய்க்கு இன்றும் வருமானம் இருக்கிறது: மீன்பாசிக் குத்தகை, கருவேல மர ஏலம், வண்டல் மண். அந்தப் பணம் அந்தக் கண்மாயின் கலுங்கையும் மடையையும் தேடி வருவது அபூர்வம். அரசுக் கணக்கிலோ ஊர்ப் பொதுவிலோ சேர்ந்துவிடும். மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டிக்குக் களத்து நெல் கொடுக்கும் வழக்கமும் பல ஊர்களில் நின்றுபோனது. 2017இல் 100 கோடி ரூபாயில் அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. விவசாயிகள் பத்து விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்றது. 2019–20இல் 1,829 பணிகளுக்கு 499 கோடியே 68 லட்சம் ஒதுக்கினார்கள். பல கண்மாய்களில் மடையும் கரையும் உண்மையாகவே சீரடைந்தன. ஆனால் அது ஒருமுறை செய்த வேலை. அடுத்த மழையில் வரும் வண்டலை அள்ள, அடுத்த ஆண்டு மடைக்கு எண்ணெய் போட, நிலையான வருமானத்தை அத்திட்டம் எந்தக் கண்மாய்க்கும் எழுதி வைக்கவில்லை.

இந்த அலட்சியத்துக்கு வேர் கணக்கு முறையிலேயே இருக்கிறது. 2017 வரை இந்தியாவில் அரசுச் செலவைத் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்று பிரித்திருந்தார்கள். புதிய பாலம் திட்டச் செலவு. பழைய பாலத்துக்கு வண்ணம் பூசுவது திட்டம் சாராச் செலவு. முன்னது வளர்ச்சி, பின்னது சிக்கனம் பிடிக்க வேண்டிய சுமை என்ற எண்ணம் அறுபது ஆண்டுகளில் ஊறிப்போனது. பிரிவினை நீங்கியது, எண்ணம் நீங்கவில்லை. இப்போது மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்ற பிரிவு அந்த வேலையைச் செய்கிறது. மாநிலங்களுக்கு மத்திய அரசு 2020–21 முதல் தரும் வட்டியில்லாத ஐம்பதாண்டுக் கடன் மூலதனச் செலவுக்குத்தான். கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், காப்பதற்குக் கிடைக்காது. வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்கச் சொன்னால் நிதித் துறை எதைக் குறைக்கும்? சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றையும் தொட முடியாது. மராமத்தைத் தொடலாம், ஏனென்றால் அந்த ஆண்டே எதுவும் இடிந்து விழாது.

நிதித் துறை தொட்ட இன்னொன்று மனிதர்கள். தமிழக நெடுஞ்சாலைத் துறையில் 1997இல் சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை நியமித்தார்கள். சாலையோரப் புதர் வெட்டுவது, மழைநீர் வடிய வாய்க்கால் எடுப்பது, குழியைச் சிறிதாக இருக்கும்போதே அடைப்பது அவர்கள் வேலை. 2002இல் செலவுக் குறைப்பு என்று அத்தனை பேரையும் நீக்கினார்கள். 41 மாதங்களுக்குப் பிறகு, 2006இல், மீண்டும் சேர்த்தார்கள். அந்த இடைக்காலத்தைப் பணிக்காலமாக ஏற்கும்படி அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். மண்வெட்டியோடு ஒருவர் சாலையோரம் நடப்பதை வீண்செலவு என்று எண்ணியவர்கள், வடியாத தண்ணீர் சாலையை எப்படித் தின்னும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கழிவுநீர்க் குழாய்களில் இந்தப் புறக்கணிப்பு உயிரையே கேட்கிறது. மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதை 2013இல் வந்த தனிச் சட்டம் தடைசெய்த பிறகும் மனிதர்கள் அந்தக் குழிகளில் இறங்கி மூச்சடைத்துச் சாகிறார்கள். இயந்திரம் வாங்கும் செலவை ஒரு சாதியின் உயிரைக் கொடுத்து மிச்சம் பிடிக்கும் நகரம் எதுவும் மலிவாக நடப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

திருத்த முயற்சிகள் நடக்காமல் இல்லை. 12ஆவது நிதிக் குழு மாநிலங்களின் சாலை, பாலப் பராமரிப்புக்கென்று 15,000 கோடியும் 13ஆவது நிதிக் குழு 19,930 கோடியும் தனி மானியமாகப் பரிந்துரைத்தன. 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடு செய்துபார்த்த செயல்திறன் சார்ந்த பராமரிப்பு ஒப்பந்தம் என்னைப் பெரிதும் கவர்ந்த முயற்சி. அதில் போட்ட தாருக்கு டன் கணக்கில் பணம் கிடையாது. சாலை குழியில்லாமல் இருந்தால் பணம், இல்லாவிட்டால் பிடித்தம். எனவே வெடிப்பை முதலிலேயே அடைப்பது ஒப்பந்ததாரருக்கே லாபம். நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணம் ஓரளவு விடை சொல்கிறது, ஆனால் வண்டி அதிகம் ஓடாத கிராமத்துப் பாலத்துக்கு அது உதவாது.

புதியவற்றுக்கே பணம் போதாத நாட்டில் பழையதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாலையே எட்டாத மலைக்கிராமத்துக்காரர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. பணக்கார நாடுகளின் அனுபவம் அவருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். 2012 டிசம்பரில் ஜப்பானின் சசாகோ சுரங்கப்பாதையில் கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தார்கள். 2014 முதல் அங்கே எல்லாப் பாலங்களையும் சுரங்கங்களையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளர் நெருங்கிச் சென்று சோதிப்பது கட்டாயம். பழுதான பிறகு சரிசெய்வதைவிட முன்கூட்டியே காத்தால் முப்பது ஆண்டுகளில் செலவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. அப்படி மிச்சமாகும் பணத்தில் புதிய சாலை போடலாம். 2025 ஜூலையில் குஜராத்தின் கம்பீரா பாலம், நாற்பதே வயதில், வண்டிகளோடு ஆற்றில் விழுந்தபோது போனது பணம் மட்டுமல்ல.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய். வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் கடனும் அதில் பெரும்பங்கு. அந்தத் தடங்கள் தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அளவுள்ள எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரும் ஆணையிலேயே, முதல் முப்பது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும், எந்த வரியிலிருந்து வரும் என்பதை எழுத வேண்டும். எழுத முடியாத திட்டத்தை அரசு தள்ளிவைக்க வேண்டும். பாலங்களின் சோதனை அறிக்கைகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கண்மாயில் பிறக்கும் வருமானம் அந்தக் கண்மாய்க்கே முதலில் போகும்படி விதி செய்ய வேண்டும்.

இவற்றை அரசு தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசிக் குத்தகை சென்ற ஆண்டு எவ்வளவுக்குப் போனது, அதில் எவ்வளவு மடைக்குச் செலவானது என்று கேளுங்கள். ஊர்ப் பாலத்தைப் பொறியாளர் கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தார் என்றும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.